தனியாகக் கிட்டார் பழகும்போது: ஒரே கம்பியில் ஒரு வாக்கியம்

கார்டுகள் (பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டும் chords) கைக்கு வந்த பிறகும், தனியாக உட்கார்ந்தால் என்ன வாசிப்பது என்று தெரியாமல் ஆறு மாதம் தவித்தேன். ஒரே கம்பிக்கு வந்த பிறகுதான் வழி பிறந்தது. டியூனிங் வழக்கமானதுதான், மாற்ற வேண்டாம்.

முதலில் சுருதி. 4-வது கம்பியை (டி) அழுத்தாமல் கட்டைவிரலால் மீட்டி ஒலிக்க விடுங்கள். அதுதான் ஸ. ஒலி அடங்க அடங்க மறுபடி மீட்டுங்கள். சுருதிப்பெட்டி ஆப்பை விட இதுவே எனக்குப் பிடிக்கும். காது விழிப்பாக இருக்கும்.

அடுத்து, 2-வது கம்பியில் மட்டும் மோகன ராகம்: 3-வது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) ஸ, 5-ல் ரி, 7-ல் க, 10-ல் ப, 12-ல் த. அழுத்தாமல் மீட்டினால் கீழ் த.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். எப்படி வாசித்தாலும் ஏணி ஏறி இறங்குவது போலவே இருந்தது. போனில் பதிவு செய்து கேட்டதும் காரணம் புரிந்தது: எங்கேயும் நிறுத்தமே இல்லை. பாடுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தியாக வேண்டும். விரலுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

அந்த நேரம் பார்த்து அம்மா அடுக்களையிலிருந்து, "காபி ஆறுது, வந்து குடிச்சிட்டுப் போ" என்றார். அதையே வாசித்தேன். வாயால் சொல்லிக்கொண்டே எழுத்துக்கு ஒரு ஸ்வரம், மெய்யெழுத்தை விட்டுவிடுங்கள். நெடிலில் நீட்டுங்கள், குறிலில் சட்டென்று நகருங்கள். "காபி ஆறுது" எனக்கு ப-க-ப-க-ரி என்று வந்தது. ரி-யில் அந்தரத்தில் நிற்கும். அங்கே ஒரு மூச்சு விடுங்கள். அப்புறம் மீதியை வாசித்து, "போ" என்பதை ஸ-வில் இறக்குங்கள். உங்கள் வீட்டு வாக்கியத்துக்கு உங்கள் ஸ்வரங்கள் வரும்.

இதற்கு மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) வேண்டாம், பேச்சின் நடையைக் கெடுத்துவிடும். போனில் இருக்கும் ரெக்கார்டர் போதும். ஒரு நிமிடம் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். உடனே கேட்டால் தவறுகள் மட்டுமே காதில் விழும்.

பின்சேர்க்கை: 10-வது ஃப்ரெட்டில் ப சேரவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். 12-வது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை மெல்லத் தொட்டு ஒரு முறை, அழுத்தி ஒரு முறை மீட்டி டியூனரில் பாருங்கள். அழுத்தும்போது சுருதி கூடினால், கம்பி பழசாகியிருக்கலாம் அல்லது ஃப்ரெட்டிலிருந்து அதிக உயரத்தில் இருக்கலாம். முதலில் கம்பியை மாற்றிப் பாருங்கள்.

மோகனத்தில் இப்படி வாசித்துப் பழகியதும், 7-வது ஃப்ரெட்டுக்குப் பதில் 6-ஐ அழுத்துங்கள். சிவரஞ்சனி ராகம் ஆகிவிடும். வேலைக்காக ஊரை விட்டு வந்த பிறகு, அம்மாவின் அந்த வாக்கியத்தை நான் வாசிப்பது இதில்தான்.