கடலோரம் பாதி, வயலோரம் பாதி: ஓட்டப்பாதையை நீங்களே வகுப்பது எப்படி?

காவிரி டெல்டாவின் கடலோரத்தில் ஓடுவதற்கு இவ்வளவு நல்ல நிலம் கிடந்தும், குறி போட்ட ஓட்டப்பாதை என்று எங்கும் கிடையாது. நாமே வகுத்துக்கொள்ள வேண்டியதுதான். நிற்காமல் 5 கி.மீ. ஓட முடிகிற ஒருவர், கடற்கரையும் வயல்வெளியும் கலந்த 8 முதல் 12 கி.மீ. சுற்று ஒன்றைப் பாதுகாப்பாக அமைத்துக்கொள்ள இந்த விளக்கம் போதும். எடுத்துக்காட்டு தரங்கம்பாடி. முறை எந்தக் கடலோர ஊருக்கும் பொருந்தும்.

படி 1: தொடங்குமிடம்

பேருந்து வரும் இடமாக, விடிவதற்கு முன்பே டீக்கடை திறக்கும் இடமாக இருக்கட்டும். தரங்கம்பாடியில் 1792-இல் கட்டிய நகர வாயில்தான் பொருத்தம். அங்கிருந்து ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. 1701-இன் சீயோன் தேவாலயம், 1718-இன் புதிய எருசலேம் தேவாலயம் இரண்டும் அந்த வீதியில்தான். வீதியின் முடிவில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை. உடம்பைச் சூடாக்கிக்கொள்ள இதைவிட அழகான தெரு தமிழ்நாட்டுக் கடலோரத்தில் இல்லை என்பது என் கருத்து. வீதியை இரண்டு தடவை மெதுவாகப் போய்வந்துவிட்டுக் கரையில் இறங்குங்கள்.

படி 2: வரைபடத்தில் கோடு போடுதல்

நான் சிபாரிசு செய்வது ஓஸ்மாண்ட் என்ற வரைபடச் செயலி. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத தோப்புக்குள்ளும் வேலை செய்யும். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் பாதை வரையச் சந்தா கட்ட வேண்டும். பலர் ஓடிய வழிகளைக் காட்டும் அதன் வெப்பப்படமும் கிராமப்புறத்தில் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும், அதை நம்பிப் பயனில்லை.

கடற்கரை மணலில் பாதை என்று எதுவும் பதிவாகாததால், செயலியே வழி போடும்படி விட்டால் உங்களைத் தார் ரோட்டுக்கு இழுத்துவிடும். கரைப்பகுதிக்கு மட்டும் நேர்கோட்டு முறைக்கு மாற்றி, 200 மீட்டருக்கு ஒரு புள்ளியாக வையுங்கள். ஊருக்குள் வந்ததும் சாலை முறைக்குத் திரும்பிவிடலாம். முடிந்ததும் பாதையை ஜிபிஎக்ஸ் என்ற வழித்தடக் கோப்பாகச் சேமியுங்கள்.

கரையிலிருந்து உள்நாட்டுக்கு ஏறும் வழிகளையும் இப்போதே குறித்து வையுங்கள். 2 கி.மீ.க்கு ஒரு வழியாவது இருக்க வேண்டும். இல்லாத கரையைத் தொடக்கக்காரர்கள் விட்டுவிடலாம்.

படி 3: முகத்துவாரம்

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் இடையே சிறு ஆறுகளும் வடிகால்களும் கடலில் விழுகின்றன. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் மணல்திட்டு ஒரே வெள்ளைக் கோடாக, நடந்தே கடந்துவிடலாம் போலத் தெரியும். அது படம் எடுத்த மாதத்தின் நிலைதான்.

கோடையில் ஆற்றில் நீர் வற்றியதும் அலைகள் மணலைத் தள்ளி வாயை அடைத்துவிடும். அக்டோபருக்குப் பிறகு மழைத் தண்ணீர் பின்னால் தேங்கி, ஒரு கட்டத்தில் திட்டை உடைத்துக்கொண்டு பாயும். வெட்டுப்பட்ட மணல்கரை நெஞ்சளவு செங்குத்தாக நிற்கும். மேலே கால் வைத்தால் கட்டியாகச் சரியும். கணுக்கால் அளவு ஓடுவதுபோல் தெரியும் தண்ணீரிலும் அடிமணல் ஓடிக்கொண்டே இருப்பதால் கால் ஊன்றாது. கடல் வற்றும் நேரமாக இருந்தால் இழுப்பு கடல் பக்கம்தான். நீச்சல் தெரிந்தவரும் இறங்கக் கூடாது.

என்ன செய்யலாம்? கணினியில் கூகுள் எர்த் ப்ரோவைத் திறந்து, பழைய படங்களைக் காட்டும் கடிகாரக் குறியை அழுத்துங்கள். ஒரே இடத்தை மே மாதப் படத்திலும் டிசம்பர், ஜனவரிப் படத்திலும் பாருங்கள். எந்த ஒரு படத்திலாவது வாய் திறந்திருந்தால், அந்த இடத்தை உங்கள் பாதையில் நிரந்தர எல்லையாக வையுங்கள். அதற்கு அரை கிலோமீட்டர் முன்பே உள்நாட்டுக்குத் திரும்பும்படி கோட்டை மாற்றுங்கள். பாலம் வழியாகச் சுற்றினால் தூரம் கூடும். கூடினால் கூடட்டும்.

ஓடும் நாளில் கரையில் இருப்பவரிடம், "அண்ணே, முகத்துவாரம் தொறந்திருக்கா, அடைச்சிருக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தச் செயலியிலும் கிடைக்காத பதில் அது. "போயிரலாம்" என்று சொன்னால், "நடந்தா, படகுலயா?" என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.

படி 4: நேரமும் ஓதமும்

இந்தக் கடலோரத்தில் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், பெரிதல்ல, பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். ஆனாலும் ஓடத் தகுந்த கெட்டி மணல் கிடைக்குமா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. கடல் ஏறியிருக்கும்போது அலை சரிவின் உச்சிவரை வந்துவிடும். மிஞ்சுவது கால் புதையும் பொடிமணல்தான்.

ஏற்ற நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். சனிக்கிழமை சரியாக இருந்த நேரம் அடுத்த சனிக்கிழமை நேர்மாறாக இருக்கும். வற்றத்துக்கு (கடல் மிகவும் இறங்கியிருக்கும் நேரம்) முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் சேர்த்த மூன்று மணி நேர இடைவெளி சூரிய உதயத்தோடு ஒத்துவரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வற்றம் நன்றாக இறங்கும், அகலமான கெட்டி மணல் கிடைக்கும். அதே நாள்களில் ஏற்றமும் அதிகம் என்பதால் தாமதமாகத் தொடங்காதீர்கள். சூரிய உதயம் பிப்ரவரி தொடக்கத்தில் ஏறக்குறைய 6:30, மே கடைசியில் 5:45.

கடல் சீற்ற எச்சரிக்கைகளை ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடுகிறது. முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

படி 5: மணலில் ஓடும் முறை

குதிகால் ஒரு சென்டிமீட்டருக்குள் பதிந்தால் ஓடலாம். இரண்டு விரல்கடை புதைந்தால் அங்கே நடங்கள். பொடிமணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும். கெண்டைக்காலும் குதிகால் நரம்பும்தான் அதைத் தாங்க வேண்டும். முதல் மாதம் மணலில் 10 நிமிடம் போதும். பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டலாம்.

கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். வடக்கே ஓடும்போது கடல் வலப்பக்கம் இருப்பதால் வலக்கால் எப்போதும் தாழ்வாக விழும். அதே கரையில் திரும்பி வந்தால் சமமாகிவிடும். நமது சுற்றில் திரும்பி வருவது வயல் வழி, சரிவு ஒருபக்கமாகவே நின்றுவிடும். அதனால் சுற்றுப்பாதையில் கரைப்பகுதி 2 கி.மீ.க்கு மேல் வேண்டாம். இடுப்பின் வெளிப்புறம் வலிக்க ஆரம்பித்தால் காரணம் இதுதான், ஷூவை மாற்றிப் பயனில்லை.

கோட்டைக்கு வடக்கே, கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயிலை ஒட்டிக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். பாசி பிடித்த கல்லில் ஓட வேண்டாம். மேல்புறமாகச் சுற்றிப் போய், அதைத் தாண்டி மணலில் இறங்குங்கள்.

கரையில் கவனிக்க வேண்டியவை இன்னும் உண்டு. மணல்மேட்டின் அடியில் அடும்புக்கொடி காலைச் சுற்றும். மேட்டின் மேலே ராவணன் மீசைப் புல், அதன் நுனி ஊசி, காலுறையைத் துளைத்துவிடும். கரை ஒதுங்கிய சொறிமீன் (ஜெல்லி மீன்) செத்துக் கிடந்தாலும் தொட்டால் எரியும். படகுகளின் நங்கூரக் கயிறு மணலுக்குள் மறைந்து கிடக்கும். படகை டிராக்டர் இழுக்கும்போதோ கரைவலை இழுக்கும்போதோ அந்தக் கயிறு விறைத்து எழும். தாண்டிக் குதிக்காதீர்கள். நின்று, இழுத்து முடிக்கும்வரை காத்திருங்கள். அவர்கள் பிழைப்பு நடக்கும் இடத்தில் நாம் விருந்தாளி. மீன் இறங்கும் நேரத்தில் ஊரை ஒட்டிய கரையை விட்டுத் தெரு வழியே போவதுதான் முறை.

வெறுங்காலில் ஓட ஆசைப்படுபவர்கள் ஊரிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளிப் போன பிறகு ஷூவைக் கழற்றுங்கள். ஊர்ப்பக்கம் உடைந்த தூண்டில் முள் கிடக்கும்.

படி 6: வயல்வழி

மீனவர் ஊர்ச் சாலை வழியாக மேற்கே ஏறி, தேசிய நெடுஞ்சாலையைச் சந்திப்பு உள்ள இடத்தில் நடந்து கடந்து, அனந்தமங்கலம் பக்கத்து ஊர்ச்சாலைகளில் சேருங்கள். திருக்கடையூர் வரை போய்த் திரும்ப நினைத்தால் ஒரு வழி மட்டும் ஏறக்குறைய 8 கி.மீ. தொடக்கக்காரர் பேருந்தில் திரும்பலாம்.

வரப்பில் ஓடுவது படத்துக்கு அழகு. உண்மையில் ஓரடி அகலம்தான், நண்டு வளையும் எலி வளையும் உள்ளே குடைந்திருக்கும், வைத்த கால் கணுக்கால்வரை இறங்கும். டிராக்டர் போய்வரும் வாய்க்கால் கரையைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றையடிப் பாதையாக இருந்தால் அங்கே நடைதான்.

மாதம் பார்ப்பது முக்கியம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும்; இடைப்பட்ட மாதங்களில்தான் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் வரும். வடகிழக்குப் பருவமழையில் மண்கரைகள் எல்லாம் களிச்சேறு, ஷூவின் அடியில் அப்பிக்கொண்டு காலை விடாது. சம்பா அறுவடை நடக்கும் ஜனவரி, பிப்ரவரியில் கிராமச் சாலையில் நெல் காயும். நெல்மேல் ஓடினால் வழுக்கும். வழுக்காவிட்டாலும் மிதிக்கக் கூடாது, அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. ஓரமாக நடந்து கடந்துவிடுங்கள். அறுவடை முடிந்து உளுந்தும் பயறும் பச்சை கட்டி நிற்கும் பிப்ரவரிக் கடைசியும் மார்ச்சும்தான் என் கணிப்பில் மிகச் சிறந்த காலம். தரை காய்ந்திருக்கும், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது.

படி 7: கையில் எடுத்துப் போக வேண்டியவை

45 நிமிடத்துக்குள் முடிந்தால் ஒன்றும் வேண்டாம். அதற்கு மேல் மணிக்கு 400 முதல் 600 மி.லி. தண்ணீர். கடலோரக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை காயாது, உடம்பு குளிராது, ஆகவே உள்நாட்டில் ஓடும் வேகத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழு ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் அரை லிட்டரில் போட்டால் அளவு தவறும். பேருந்துக் காசு, போன், ஒரு சிறிய துணி. அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

நாய்: ஓட்டத்தை நிறுத்துங்கள், முதுகைக் காட்டாமல் நடந்து விலகுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பாம்பு: அறுவடை முடிந்த வயலோரம் கண்ணாடி விரியன் உண்டு. கடிபட்டால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். ஓடாமல் உட்கார்ந்து 108-ஐ அழையுங்கள்.

இரவு ஓட்டம்: ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். நெற்றி விளக்கு ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளையும் வழிதவறச் செய்யும். அந்த மாதங்களில் விடியும்வரை ராஜ வீதியிலேயே ஓடுங்கள். வெளிச்சம் வந்த பிறகு மணலில் இறங்கலாம். கரையில் டிராக்டர் தடம் போல அகலமான புதுச் சுவடு கண்ணில் பட்டால் சுற்றிப் போங்கள், அதன் முடிவில் முட்டைக்குழி இருக்கக்கூடும்.

தூரக் கணக்கு வித்தியாசம்: கரையில் கைக்கடிகாரம் காட்டும் தூரம் கோப்பில் உள்ளதைவிடக் கூடுதலாகவே வரும். அலைக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடுவதால் வருவது அது.