மாவுப்பூச்சியைத் தின்னும் வண்டு: பந்தல் திராட்சையில் விடும் முறை

திராட்சையில் மாவுப்பூச்சிக்கு மருந்து அடித்து மாளாது. உடம்பெல்லாம் மெழுகு, பதுங்குவதோ உரிந்த பட்டைக்கு அடியில். அங்கேயே தேடிப் போய்த் தின்னும் இரைவிழுங்கிதான் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898இல் இந்தியாவுக்கு வந்தது. நீளம் சுமார் 4 மி.மீ.; இறக்கை கறுப்பு, தலையும் பின்முனையும் செம்மஞ்சள்.

வண்டு வாங்கும் முன் எறும்பை ஒழியுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், வண்டை விரட்டியடிக்கும். தண்டில் பசைப்பட்டை கட்டினால் மட்டும் போதாது. கல்தூணிலும் இழுகம்பியிலும் ஏறிவிடும். அவற்றிலும் பசை தடவி, புற்றையும் அழிக்க வேண்டும்.

கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து 10 முதல் 15 நாள் ஆன வண்டாகக் கேட்டு வாங்குங்கள். இணைசேர்ந்து முட்டையிடத் தயாராக இருக்கும். வெயில் தாழ்ந்தபின் கொடிக்கு 10 வீதம் விடலாம். பெண் வண்டு மாவுப்பூச்சியின் பஞ்சு போன்ற முட்டைப்பையில்தான் முட்டையிடும். ஆகவே பூச்சி அடையாக இருக்கும் கொடியில் விடுங்கள். சுத்தமான கொடியில் விட்டால் பறந்துவிடும்.

பெரும்பாலும் காரியம் கெடுவது இதற்குப் பிறகுதான். வண்டின் புழுவும் மாவுப்பூச்சி போலவே வெள்ளை வெளேரென்று இருக்கும். பூச்சி பெருத்துவிட்டது என்று பதறி மருந்தடித்துக் கொன்றுவிடுகிறார்கள். குச்சியால் தொட்டுப் பாருங்கள்: புழு விறுவிறுவென ஓடும், மாவுப்பூச்சி அசைவதே அரிது. முதிர்ந்த புழு 13 மி.மீ. வரை வளரும், மெழுகு இழைகள் சடைசடையாகத் தொங்கும். மாவுப்பூச்சி 3, 4 மி.மீ. தாண்டாது.

முட்டை வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை பொறுக்க வேண்டும். இமிடாகுளோபிரிட், பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தொடவே கூடாது. பப்பாளி மாவுப்பூச்சிக்கு மட்டும் இந்த வண்டை நம்பி இருக்காதீர்கள். அதை அடக்கியது 2010இல் கொண்டுவரப்பட்ட அசெரோஃபேகஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி.

வண்டைத் தோட்டத்திலேயே பெருக்கவும் முடியும். வரிவரியாகப் பள்ளம் உள்ள, காம்போடு கூடிய, முற்றிய பரங்கிக்காயை லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் என்ற பூஞ்சணக்கொல்லி கலந்த நீரில் நனைத்து உலர்த்துங்கள். காயம் இருந்தால் உருக்கிய மெழுகால் அடையுங்கள், இல்லாவிட்டால் பாதியில் அழுகிவிடும். மாவுப்பூச்சிக் குஞ்சுகளை அதில் ஏற்றி, 15 நாள் கழித்து வலைக்கூண்டில் 100 வண்டுகளோடு 24 மணி நேரம் வைத்து எடுங்கள். ஒரு மாதத்தில் புது வண்டுகள் வரத் தொடங்கும்; நல்ல காய் ஒன்றுக்கு 175 முதல் 200 வரை கிடைக்கும்.