புது வீட்டின் சாவியை வாங்கும் முன்: நீங்களே செய்யும் சோதனை, படிப்படியாக

கட்டி முடித்த புது வீட்டுக்குள் முதல்முறை நுழையும்போது எல்லாம் பளிச்சென்றுதான் இருக்கும். பில்டரின் ஆள் அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, "குறையின்றிப் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்த தாளை நீட்டுவார். அந்தக் கையெழுத்தைப் போடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு. கடன், பத்திரம், வக்கீல் வேலையெல்லாம் முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டை வாங்கியபோது நானே செய்து பார்த்தவை இவை. கொத்து வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கடைசித் தவணை நம் கையில் இருக்கும்வரைதான் நம் பேச்சு எடுபடும். சோதனை முடிந்து, குறைகளைச் சரிசெய்த பிறகே அந்தத் தவணை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

படி 1: கருவிகள்

ரசமட்டம், அளவு டேப், பிரகாசமான டார்ச், ஒரு நாணயம், மாஸ்கிங் டேப், பிளக்கில் செருகிப் பார்க்கும் சாக்கெட் டெஸ்டர், தொலைபேசி சார்ஜர், ஒரு வாளி. லேசர் மட்டம் வாங்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். ஒரு வீட்டைச் சோதிக்க அது தேவையே இல்லை. கண்ணாடிபோன்ற குழாயில் தண்ணீர் நிரப்பிக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். அதற்கு பேட்டரி வேண்டாம், பொய்யும் சொல்லாது. குறைகளைக் குறிக்க செயலிகளும் உண்டு. என் ஓட்டு நோட்டுப் புத்தகத்துக்கே. நோட்டில் அந்த இடத்திலேயே பில்டரின் ஆளிடம் கையெழுத்து வாங்க முடியும்.

பகல் வெளிச்சத்தில் போங்கள். தண்ணீர், மின்சார இணைப்பு இரண்டும் வந்த பிறகு மட்டும் போங்கள். "இணைப்பு அடுத்த வாரம் வரும், இப்போது பார்த்துவிடுங்கள்" என்றால் அடுத்த வாரமே வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

படி 2: சுவர், தரை, கதவு

டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல், சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து ஒளியை ஓடவிடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடு பள்ளமும் பட்டி பார்த்து மூடிய இடமும் நிழலாக எழுந்து தெரியும்.

விரிசல் என்றதும் பதற வேண்டாம். சிமென்ட் காயும்போது சுருங்கும். பூச்சில் முடி போன்ற கீறல்கள் புது வீட்டில் சகஜம். வங்கி அட்டையை எடுத்து விரிசலில் வைத்துப் பாருங்கள். அதன் கனம் 0.76 மி.மீ. ஓரம் உள்ளே போனால் பொறியாளரை வரவழைத்தே ஆக வேண்டும். அகலம் குறைவாக இருந்தாலும், செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசலையும் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலையும் விடாதீர்கள். இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, படம் எடுத்து வையுங்கள். வளர்கிறதா என்று பிறகு அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அறையின் மூலை சரியான மூலைதானா என்று பார்க்க, மூலையிலிருந்து ஒரு சுவரில் 90 செ.மீ., மறு சுவரில் 120 செ.மீ. குறியுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் குறுக்கே 150 செ.மீ. வர வேண்டும். அலமாரி செய்யப்போகும் அறைகளில் இதைத் தவறாமல் செய்யுங்கள்.

டைல்ஸை நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்று இல்லாமல் பொள்ளென்று கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லை. நடுவில் பொள்ளல் இருப்பதைவிட மூலையில் இருப்பது மோசம். பாரம் விழுந்தால் மூலைதான் முதலில் உடையும். கதவைப் பாதி திறந்து கையை எடுங்கள். தானாக ஆடினால் நிலை தூக்கில் இல்லை, அதாவது செங்குத்தாக நிற்கவில்லை.

படி 3: மின்சாரம்

எல்லா பிளக்கிலும் சார்ஜரைச் செருகிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். நான் சொல்ல வருவது எர்த், அதாவது கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் கம்பி. மின்பெட்டியில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் இருக்கும். ஆள் உயிரைக் காக்கப் பொருத்துவதில் 30 மில்லி ஆம்பியர் என்று குறித்திருக்கும். அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் பட்டென்று விழ வேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் சுவிட்சைத்தான் சோதிக்கிறது, எர்த் கம்பியை அல்ல. எர்த் கம்பியே இணைக்காத வீட்டிலும் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் விழும். அதனால்தான் சாக்கெட் டெஸ்டரைப் பட்டியலில் சேர்த்தேன். எர்த் வந்திருக்கிறதா, கம்பிகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று அது காட்டிவிடும். அடுப்படி, குளியலறை பிளக்குகளை முதலில் பாருங்கள். எர்த் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை அளக்க எலக்ட்ரீஷியனின் மீட்டர்தான் வேண்டும்.

படி 4: குளியலறையில் தண்ணீர் நிறுத்துதல்

என்னை அதிகம் திணறடித்தது இந்தப் படிதான். பில்டர் தரப்பும் அதிகம் தட்டிக்கழிக்கப் பார்க்கும் படி இது. கீழே இறங்கும் கசிவு குடிபோன பிறகு தெரிந்தால், டைல்ஸை முழுக்கப் பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் வாட்டம். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வரை வடிகாலை நோக்கிச் சரிவு இருந்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும். எங்கே தேங்குகிறதோ அங்கே டேப் ஒட்டுங்கள்.

அடுத்து வடிகாலை அடைத்து, வாசல்படி மட்டத்துக்குக் கீழே நிற்கும்படி சுமார் 25 மி.மீ. தண்ணீர் நிறுத்துங்கள். 50 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். அந்த உயரத்திலேயே சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம் ஏறிவிடும். 24 மணி நேரம் அப்படியே நிற்கட்டும்.

மறுநாள் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும். அது கசிவா, ஆவியானதா, அடைப்பு விட்டதா? எனக்கு அதைப் பிரித்தறிவதுதான் பாடாக இருந்தது. "வெயிலுக்கு வற்றியிருக்கும் சார்" என்று பில்டரின் ஆள் சொன்னபோது கையில் பதில் வேண்டுமே! கடைசியில் எனக்குக் கைகொடுத்த முறை இது:

தண்ணீர் நிறுத்திய உடனே மட்டத்தைக் குறிக்காதீர்கள். டைல்ஸ் இடுக்கும் அடிக்கலவையும் முதலில் கொஞ்சம் குடிக்கும். மூன்று நான்கு மணி நேரம் விட்டுப் பென்சிலால் கோடு போடுங்கள். அதே அறையில், தரைத் தண்ணீரின் அதே ஆழத்துக்கு நிரப்பிய தட்டையான பாத்திரம் ஒன்றை வைத்து அதிலும் கோடு போடுங்கள். மறுநாள் பாத்திரத்தில் இறங்கிய அளவுதான் ஆவியானது. தரையில் அதைவிட அதிகம் இறங்கியிருந்தால் வேறு வழியாகப் போயிருக்கிறது.

வேறு வழி என்றால் முதலில் அடைப்பைச் சந்தேகியுங்கள். துணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் திணிப்பது நம்பிக்கையானதல்ல. குழாய்க்குள் வைத்துக் காற்றடிக்கும் ரப்பர் அடைப்பான்தான் என் சிபாரிசு. அடைப்பை மாற்றி மறுபடி நிறுத்தியும் இறங்கினால் கசிவு உறுதி.

கூடவே கீழ்வீட்டுக் கூரையையும் பாருங்கள். தண்ணீர் நிறுத்தும் முன்பே அந்தக் கூரையைப் படம் எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் "அந்தக் கறை முன்பே இருந்தது" என்பார்கள். குளியலறையின் வெளிச்சுவர் அடியையும் தொட்டுப் பாருங்கள். ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், அங்கேதான் முதலில் தலைகாட்டும். சில கசிவு மெதுவாகத்தான் வரும், முடிந்தால் இன்னொரு நாளும் பாருங்கள்.

படி 5: குழாய்கள்

எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து, ஃப்ளஷையும் அழுத்துங்கள். ஷவரில் தண்ணீர் நூலாகிவிட்டால் அழுத்தம் போதவில்லை. பிறகு எல்லாவற்றையும் மூடி, தண்ணீர் மீட்டர் எண்ணைக் குறித்து ஒரு மணி நேரம் விடுங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

படி 6: பட்டியல்

ஒவ்வொரு டேப் துண்டிலும் ஓர் எண். நோட்டில் அதே எண்ணுக்கு எதிரே இப்படி எழுதுங்கள்: "14. பெரிய படுக்கையறை, ஜன்னல் சுவர், தரையிலிருந்து 40 செ.மீ., ஓதக் கறை, உள்ளங்கை அகலம்." "சுவர் சரியில்லை" என்று எழுதினால் மேலே ஒரு கோட் பெயின்ட் அடித்துவிட்டு முடிந்தது என்பார்கள். "கவனிக்கப்படும்" என்ற சொல்லை ஒப்புக்கொள்ளாதீர்கள். என்ன செய்வார்கள், எந்தத் தேதிக்குள் என்று எழுதச் சொல்லுங்கள். சரிசெய்த பிறகு அதே எண் வரிசையில் மறுபடி நடந்து பாருங்கள். குளியலறையில் கை வைத்திருந்தால் தண்ணீர் நிறுத்தும் சோதனையை மறுபடி முழுதாகச் செய்யுங்கள்.

பின்சேர்க்கை 1: மரச்சட்டமும் பலகையும் வைத்துக் கட்டிய வீடு வாங்கிய ஒருவர், தண்ணீர் நிறுத்தலாமா என்று கேட்டிருந்தார். பில்டரிடமோ பொறியாளரிடமோ கேட்காமல் செய்யாதீர்கள். படி 4 கான்கிரீட் தளங்களுக்காக எழுதியது.

பின்சேர்க்கை 2: டைல்ஸ் ஒட்டும் முன்பே தண்ணீர் நிறுத்தும் சோதனையைச் செய்ய முடியாதா என்று சிலர் கேட்டார்கள். முடியும், அதுதான் சிறந்தது. வீடு இன்னும் கட்டுமானத்தில் இருந்தால் நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்த அன்றே சொல்லச் சொல்லி, நேரில் போய்ப் பாருங்கள்.

பின்சேர்க்கை 3: பூட்டிக் கிடந்த வீட்டில் சாக்கடை வாடை வருகிறது என்று கேட்டிருந்தார்கள். வடிகாலின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் வாடையைத் தடுக்கிறது. ஆளில்லாத வீட்டில் அது வற்றிவிடும். எல்லா வடிகாலிலும் ஒரு வாளி ஊற்றி, ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். அதன் பிறகும் வாடை இருந்தால் எண் போட்டுப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.