ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த கேசட்டைக் கணினியில் ஏற்றுவது எப்படி

பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதி, ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துப் பதிந்து வாங்கிய கேசட்டுகள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. 'அன்னக்கிளி' (1976) முதல் 'ரோஜா' (1992) வரை பாட்டுகள் எல்லாமே இன்று இணையத்தில் கிடைக்கும். ஒருவர் பார்த்துப் பார்த்து அடுக்கிய அந்த வரிசை மட்டும் வேறெங்கும் கிடைக்காது. அதைக் காப்பாற்றத்தான் இத்தனை மெனக்கெடல்.

கேசட்டை முதலில் வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் மேல் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. டெக்கில் (கேசட் பிளேயரில்) போட்டால், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஹெட்டுக்கு எதிரே நாடாவைத் தாங்கும் சின்னப் பஞ்சுப் பட்டை உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும். திருகு வைத்த கூடாக இருந்தால் திறந்து, சுருள்களை நல்ல கூட்டுக்கு மாற்றிவிடலாம். முதுகில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தடுப்புகளையும் உடைத்துவிடுங்கள். கைதவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் பாட்டு அழியாது. பிறகு நாடாவைக் கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றினால், இறுகிக் கிடந்த சுற்றுகள் இளகும்.

ஹெட்டையும், நாடாவை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால், பழுப்பு ஒட்டுவது நிற்கும்வரை துடையுங்கள். நாடாவைத் தண்டோடு அழுத்தும் பிஞ்ச் ரோலரின் ரப்பருக்கு ஆல்கஹால் ஆகாது, மெல்லிய சோப்புத் தண்ணீரே போதும்.

பலரும் கோட்டைவிடுவது அசிமத்தில், அதாவது நாடாவுக்கு ஹெட் நிற்கும் சாய்வில். பதிந்த கடையின் டெக்கில் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வில் உங்கள் ஹெட்டும் இருந்தால்தான் ஜாலராவும் வயலினும் துலங்கும். ஹெட்டின் பக்கத்தில் உள்ள ஸ்பிரிங் வைத்த திருகே அதற்கானது. இருந்த நிலையைக் குறித்துக்கொண்டு, ஒலியை மோனோவில் (இரு சேனலும் ஒன்றாக) வைத்து, பாட்டு ஓடும்போதே திருகைக் கால் சுற்றுக்குள் மெல்ல அசையுங்கள். 'ச', 'ஸ' ஒலிகள் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். இங்கே தவறவிட்ட துலக்கத்தை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. கேசட்டுக்குக் கேசட் இது மாறும். டால்பி (இரைச்சலைக் குறைக்கும் பதிவு முறை) என்று அட்டையில் குறிப்பு இல்லையென்றால் அந்த பட்டனை அணைத்தே வையுங்கள், போட்டால் ஒலி அமுங்கிவிடும்.

டெக்கின் லைன் அவுட்டிலிருந்து, லைன் இன் உள்ள யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (ஒலியைக் கணினிக்கு அனுப்பும் பெட்டி) கம்பி போடுங்கள். லேப்டாப்பின் மைக் துளை பெரும்பாலும் மோனோ, ஒலியும் சிதையும். ஆடாசிட்டி என்ற இலவசப் பதிவு மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்று வையுங்கள். கோரஸும் தாளமும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும் இடத்தை ஓட்டிப் பார்த்து, அது மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். ஒரு பக்கத்தை நிறுத்தாமல் பதியுங்கள். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் சுமார் 700 எம்பி வரும். அந்தக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, நகலில் வேலை செய்யுங்கள்.

சுருதி விலகியிருந்தால் அதே பாட்டின் இணையப் பதிவோடு ஒப்பிடுங்கள். அரைச்சுரம் என்பது ஏறக்குறைய 6 சதவீத வேகம். சுருதியையும் வேகத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். 'ப்ரியா'வுக்கு (1978) முந்தைய பாட்டுகள் அநேகமாக மோனோ என்பதால் இரு சேனலையும் ஒன்றாகக் கலந்தால் இரைச்சல் குறையும். அசிமத் சரியாக இருந்தால் மட்டுமே இது பலிக்கும். இரைச்சல் நீக்கத்தை 6 டெசிபெல்லோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் புல்லாங்குழல் தண்ணீருக்குள் வாசிப்பதுபோல் ஆகிவிடும்.

பாட்டுகளை வெட்டும்போது இடைவெளியை முந்தைய பாட்டின் முடிவோடு விடுங்கள். கோப்புப் பெயரை ஏ-01, ஏ-02 என்று பக்கமும் எண்ணுமாகத் தொடங்கி, ஃபிளாக்கில் (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வகை) சேமியுங்கள். கையால் எழுதிய அட்டையையும் படமெடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.