இது இலையைப் பார்க்கல, கையைப் பார்க்குது: ரோபோ வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றின் கணினி அறையில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பெடுத்தவர்கள் இரண்டு இளம் ஆசிரியர்கள். செயற்கை நுண்ணறிவு செய்முறைப் பாடம். பதினைந்து பிள்ளைகள், ஒரு லேப்டொப், மேசையில் ஒரு வெள்ளைக் கடதாசி, அதன்மேல் ஒரு தேயிலைக் கொழுந்து. ஒரு பையன் கெமராவை இலைக்கு நேரே பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தியபடியே இருந்தான். "முந்நூறு படம் வந்திருச்சு சேர்!" என்று கத்தினான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சில வருடங்களுக்கு முன்னால் நான் ஆடிய அதே கூத்து, அதே வெள்ளைக் கடதாசியோடு.

அன்று தேத்தண்ணி குடிக்கும்போது அந்த இரண்டு ஆசிரியர்களிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வயரை மாற்றிச் சொருகுவது, நிரலில் அரைப்புள்ளியை மறப்பது, ஒரு சக்கரம் மட்டும் பின்னோக்கிச் சுற்றுவது இதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அந்தப் பிழைகளைப் பிள்ளைகள் செய்யட்டும், அவர்களே கண்டுபிடிக்கட்டும். நான் பேசுவது வகுப்பு நடத்துகிற நாங்கள் செய்கிற பிழைகளைப் பற்றி.

இணையம் வரும் என்று நம்பி வகுப்பைத் தொடங்குவது

மழை பெய்தால் சிக்னல் போகும், காற்றடித்தால் கரண்ட் போகும். இது தெரிந்தும், ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணு போட்டுக்கு நிரல் எழுதுகிற மென்பொருளை வகுப்பு நேரத்தில் தரவிறக்க உட்காருகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். விலை குறைந்த போட்களில் பெரும்பாலும் சிஎச்340 என்ற சிப் இருக்கும். அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் சில கணினிகளுக்கு போட் செருகப்பட்டதே தெரியாது. எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு, முதல் நாள் பின்னேரமே ஒவ்வொரு கணினியிலும் ஏற்றி, ஒரு விளக்கையாவது மினுக்கவைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

9 வோல்ட் சதுரப் பெட்டரி

மோட்டருக்கு வேண்டாம், அது கேட்கிற மின்னோட்டத்தை இதால் கொடுக்க முடியாது. அது ட்ரான்சிஸ்டர் ரேடியோவுக்கு வந்த பெட்டரி.

ஒரே இலையை முந்நூறு தடவை படமெடுப்பது

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்னும் எனக்கு ஆறவில்லை.

தேயிலையில் கொப்புள நோய் என்று ஒன்று உண்டு. ஒரு வகைப் பூஞ்சணத்தால் வருவது. 1946இல் இலங்கைக்குள் வந்தது; அதன்பிறகு போகவேயில்லை. இளம் இலைகளைத்தான் பிடிக்கும், அதாவது நாம் கொழுந்தாக எடுக்கிற அதே இலைகளை. மழையும் மூட்டமுமாக இருக்கும் நாட்களில் பரவும். முதலில் ஒளி ஊடுருவுகிற சின்னப் புள்ளி, அப்புறம் மேலே குழியும் கீழே வெள்ளைக் கொப்புளமும். படத்தைப் பார்த்து இதை அடையாளம் காண்கிற கருவி செய்யலாம் என்று சொன்னது ஒரு தரம் 10 மாணவி. அவளுடைய அம்மா கொழுந்தெடுப்பவர். நல்ல யோசனை. இன்றைக்கும் நல்ல யோசனைதான். கெடுத்தது நான்.

படங்களைக் காட்டிக் கணினியைப் பழக்குகிற, கூகுளின் டீச்சபிள் மெஷின் என்ற இணையக் கருவியைப் பயன்படுத்தினோம். கணக்கே தெரியாத பிள்ளையும் அதில் ஒரு மாதிரியை, அதாவது படத்தை வகைபிரிக்கிற நிரலை, பயிற்றுவித்துவிடலாம். ஏற்கெனவே லட்சக்கணக்கான படங்களில் பழகிய ஒரு செயற்கை நரம்பு வலையமைப்பை எடுத்து, கடைசிப் பகுதியை மட்டும் நம் படங்களுக்கு ஏற்றாற்போல் பழக்குகிறது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் நொடிக்கு இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் குவியும். அங்கேதான் சறுக்கினோம். பன்னிரண்டு இலையை வைத்துக்கொண்டு "எங்களிடம் இரண்டாயிரம் படம் இருக்கிறது" என்று நம்பினோம். உண்மையில் எங்களிடம் இருந்தது பன்னிரண்டு இலை.

அதோடு நிற்கவில்லை. நோய் இலைகளை ஓகஸ்ட் மழையில் மலையிலேயே வைத்துப் படமெடுத்தோம், ஒரு பிள்ளை செடியை வளைத்து இலையைக் கையில் பிடிக்க, இன்னொரு பிள்ளை எடுத்தது. நல்ல இலைகளை ஜனவரியில் பாடசாலைக்குக் கொண்டுவந்து, குழல் விளக்கின் கீழ், வெள்ளைக் கடதாசியில் வைத்து எடுத்தோம். படங்கள் துப்புரவாக இருந்தன. எனக்கு அது பெருமையாகவும் இருந்தது.

பயிற்சி முடிந்தது. திரையில் துல்லியம் 98 சதவீதம். அதை மஞ்சள் எழுத்தில் பெனரில் அடித்தோம். கொழும்பில் ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று, வேனுக்குப் பெற்றோரிடம் காசும் சேர்த்தாயிற்று. போவதற்கு ஒரு வாரம் முன்னால், பெப்ரவரியில், பாடசாலையில் ஒரு கண்காட்சி வைத்தோம்.

அந்த மாணவியின் அம்மா பகல் கொழுந்தை எடை போட்டுவிட்டு அப்படியே வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்கில் ஒட்டிக்கிடந்த ஒரு கொழுந்தை எடுத்துக் கெமரா முன்னால் நீட்டினார். எந்தப் புள்ளியும் இல்லாத நல்ல இலை. கணினி சொன்னது: கொப்புள நோய், 99 சதவீதம். அவர் சிரிக்கவில்லை. இலையைத் திருப்பிப் பார்த்தார். கீழே போட்டுவிட்டு வெறும் கையை நீட்டினார். மறுபடியும் கொப்புள நோய்.

"சேர், இது எலயப் பாக்கல. கையத்தான் பாக்குது."

மாதக்கணக்கான சனிக்கிழமைகளை ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார். கருவியைப் பொறுத்தவரை வெள்ளைப் பின்னணி என்றால் நல்ல இலை, கை தெரிந்தால் நோய். இலையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டிய அவசியமே அதற்கு வரவில்லை. இரண்டு குவியலையும் பிரிக்க எது எளிதோ அதைப் பிடித்துக்கொண்டது. கெட்டிக்காரப் பிள்ளையும் பரீட்சையில் அப்படித்தானே செய்யும்?

சரி, 98 எங்கிருந்து வந்தது? டீச்சபிள் மெஷின் நம் படங்களில் 85 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 15 சதவீதத்தைச் சோதனைக்கும் தானாகவே பிரிக்கிறது. ஒரே இலையின் முந்நூறு படம் இருந்தால் அவை இரண்டு பக்கமும் சிதறும். படித்த கேள்வியையே பரீட்சையிலும் கேட்ட மாதிரி. அதில் 98 வாங்காவிட்டால்தான் ஆச்சரியம்.

இது தோட்டத்துப் பிள்ளைகள் மட்டும் விழுந்த குழியில்லை. பிளான்ட்வில்லேஜ் என்ற புகழ்பெற்ற படத்தொகுப்பில் 54,000க்கும் மேற்பட்ட இலைப் படங்கள், 38 வகைகள். 2016இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் அதை வைத்துப் பழகிய மாதிரி 99 சதவீதத்தைத் தாண்டியது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது 31 சதவீதம் சொச்சத்துக்கு விழுந்தது. 2022இல் இன்னொருவர் அந்தப் படங்களின் பின்னணியிலிருந்து எட்டே எட்டு பிக்சல்களை (படப் புள்ளிகளை) மட்டும், இலையைக் காட்டாமலே, ஒரு நிரலுக்குக் கொடுத்தார். அதற்கே 49 சதவீதம் சரியாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் 2.6 சதவீதம்தான் வர வேண்டும். அந்த மாணவியின் அம்மா வெறும் கையை நீட்டியதும் ஏறக்குறைய இதே சோதனைதான். அவருக்கு அது தேவைப்பட்டது அரை நிமிடம்.

ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். பிள்ளைகளை மலைக்கு அனுப்பினேன். வெயில் காலம். கொப்புளம் பிடித்த இலை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நோய்க்கு மழை வேண்டும். மழை வர ஜூன் ஆகும். போட்டிக்குப் போகவில்லை. வேன் காசைத் திருப்பிக் கொடுக்க நானே தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கினேன். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தேத்தண்ணி வேறு கொடுத்தார்கள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

ஜூனில் மறுபடி தொடங்கியபோது செய்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு இலைக்கும் ஒரு எண். ஒரு இலைக்கு நாலு படம், அதற்குமேல் இல்லை. நல்ல இலையையும் நோய் இலையையும் அதே நாளில், அதே இடத்தில், பாதியைக் கையிலும் பாதியைக் கடதாசியிலும் வைத்து எடுத்தோம். பெரிய வெள்ளைக் கொப்புளத்தை மட்டும் பொறுக்காமல் ஆரம்பப் புள்ளிகளையும் சேர்த்தோம். 5ஆம் நம்பர் மலையின் இலைகள் பயிற்சிக்கு. 8ஆம் நம்பர் மலையில் வேறொரு நாள் எடுத்த இலைகள் சோதனைக்கு. சோதனைப் படங்களை டீச்சபிள் மெஷினுக்குள் ஏற்றவேயில்லை. தனி ஃபோல்டரில் வைத்திருந்து, பயிற்சி முடிந்த பிறகு ஒவ்வொன்றாகக் காட்டி, சரி பிழையைக் கொப்பியில் கோடு போட்டு எண்ணினோம். "எதுவும் இல்லை" என்று மூன்றாவது வகை ஒன்றையும் வைத்தோம்: வெறும் கை, வெறும் கடதாசி, மண், படங்கு.

98 போய் 71 வந்தது. பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. எனக்கு அந்த 71ஐப் பிடித்திருந்தது, ஏனென்றால் எந்த இலையில் பிழைத்தது என்று கொப்பியைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. பெரும்பாலும் ஆரம்பப் புள்ளிகளில்தான். அடுத்து எதைப் படமெடுக்க வேண்டும் என்று அந்த மாணவியே சொன்னாள்.

இளம் ஆசிரியர்களுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: திரையில் எண் வந்தவுடன் கைதட்டாதீர்கள், முதலில் இலையில்லாமல் காட்டிப் பாருங்கள். தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலையில், எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அம்மாமார் அதைவிடப் பக்கத்தில் இருக்கிறார்கள். முதல் படத்தை எடுப்பதற்கு முன்னால் அவர்களைக் கேட்டிருந்தால் "மாசி வெயிலில் கொப்புளம் எங்கே கிடைக்கும்?" என்றாவது சொல்லியிருப்பார்கள்.

தண்ணீர் ஊற்றும் ரோபோ

யூடியூப்பில் பார்த்து எல்லாப் பாடசாலையும் செய்வது. மண்ணின் ஈரம் குறைந்தால் பம்ப் ஓடும். மழை நிற்காத ஊரில் இது எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் வைத்திருங்கள். நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களுக்கு மாசி, பங்குனியில் தேவைதான், அதைச் சொல்லலாம். ஆனால் இரண்டு கால் வைத்த மலிவான ஈரமானியை எந்நேரமும் மின்சாரத்தில் வைத்திருக்காதீர்கள். மின்னாற்பகுப்பில் அந்தக் கால்கள் சில வாரத்திலேயே அரித்துப்போகும். அளக்கிற நொடியில் மட்டும் மின்சாரம் கொடுங்கள்.

இங்கே அளக்க வேண்டியது மழையை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மண்சரிவு குறித்து விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் தயாராக வேண்டும், 150 தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலையகத்துக்கு வைத்திருக்கிற அளவு. மழைமானிக்கு வேண்டியது இவ்வளவுதான்: சீசோ மாதிரி இரண்டு பக்கமும் மாறி மாறிக் கவிழ்கிற சின்னக் கிண்ணம், ஒரு காந்தம், காந்தம் கிட்ட வந்தால் மூடுகிற ஒரு ரீட் சுவிட்ச், எத்தனை தடவை கவிழ்ந்தது என்று எண்ண ஒரு ஆர்டுயினோ. தரம் 9 பிள்ளைகளால் முடியும். பக்கத்தில் நேரான போத்தல் ஒன்றை வைத்து அடிமட்டத்தால் அளந்து ஒப்பிடவும் வேண்டும். ஒரேயொரு எச்சரிக்கை: "உயிர் காக்கும் கருவி" என்று பெனர் அடிக்காதீர்கள். லயத்தில் இருப்பவர்கள் அதை நம்பித் தூங்கிவிடுவார்கள். பாடசாலைக் கருவி அளக்கட்டும். எழும்பிப் போகச் சொல்வது அதிகாரிகளின் அறிவித்தலாக இருக்கட்டும்.

ஸ்க்ரூட்ரைவர் யார் கையில்

ஒரு ரோபோ கிட், எட்டுப் பிள்ளைகள் என்றால் நடப்பது எப்போதும் ஒன்றுதான். இரண்டு பையன்கள் கழற்றிப் பூட்டுவார்கள், மாணவிகள் அழகான எழுத்தில் அறிக்கை எழுதுவார்கள், மீதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். கேட்டால் "அவங்களுக்கு எழுதத்தான் விருப்பம் சேர்" என்பார்கள். நான் இப்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்து ஆளை மாற்றுகிறேன். முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பு இருக்கும். பெரும்பாலும் அந்த இரண்டு பையன்களிடமிருந்து.

போட்டிக்கு முதல் நாள் இரவு நீங்களே நிரலை எழுதி முடிப்பது

செய்தேன். நடுவர் பிள்ளையிடம் கேள்வி கேட்டார். பிள்ளை என்னைப் பார்த்தது.

கிட்டை அலுமாரியில் பூட்டி வைப்பது

பழுதாகிவிடும் என்று பயந்துதான் பூட்டுகிறார்கள். பனிக்காலத்து ஈரத்தில் பெட்டரி கசிந்து, போட்டின் உலோக ஊசிகள் பச்சை பிடித்து, தொடாமலே பழுதாகும். பெட்டரியைக் கழற்றிவிட்டு, மூடியிறுகும் பிளாஸ்டிக் பெட்டியில், அரிசி விற்கிற கடையில் கிடைக்கும் பெரிய வாளி என்றாலும் சரி, வகுப்பறை மேசையிலேயே வையுங்கள். பூட்டினால் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடியே ஒரு தவணை போய்விடும்.