வானிலிருந்து எடுத்த வெப்பப் படம்: சிவப்பையும் நீலத்தையும் நம்பி ஏமாறாதீர்கள்

பெயின்ட் அடிக்காத தகரக் கூரை போட்ட ஒரு வீடு, பக்கத்திலேயே கான்கிரீட் கூரை வீடு. குளிர்கால விடியற்காலை. தொட்டு அளந்தால் இரண்டு கூரைகளும் 5 டிகிரி செல்சியஸ்தான். மேலே பறக்கும் ட்ரோனின் வெப்பக் கேமரா கான்கிரீட்டை இரண்டு மூன்று டிகிரி பிசகோடு சொல்லிவிடும். தகரத்தையோ மைனஸ் 25 டிகிரி என்று காட்டக்கூடும். வரைபடத்தில் அந்த வீடு கருநீலம், அதாவது கடுங்குளிர். "இங்கே வெப்பமே வெளியேறவில்லை, அருமையான இன்சுலேஷன் (வெப்பத்தடுப்பு)" என்று எழுதிக் கொடுத்தால், தெருவிலேயே அதிக வெப்பத்தை இழக்கும் வீடு பட்டியலிலிருந்து தப்பிவிடலாம்.

நகரக் கட்டடங்களின் மின்சார, எரிவாயுச் செலவைக் குறைக்க வான்வழி வெப்ப வரைபடம் நல்ல கருவிதான். ஆனால் நான் பார்க்கிற பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில் முளைக்கின்றன. கேமரா அளப்பது வெப்பநிலையை அல்ல, ஏறத்தாழ 8 முதல் 14 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை. அந்தக் கதிரில் எவ்வளவு கூரையே உமிழ்ந்தது, எவ்வளவு கூரையில் பட்டுத் திரும்பியது என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. கான்கிரீட், செங்கல், பெயின்ட் அடித்த பரப்பு ஆகியவற்றின் உமிழ்திறன், அதாவது தன் சூட்டைக் கதிராக வெளியிடும் திறன், முழு அளவான 1-க்கு 0.9-க்கு மேல். பளபளப்பான புதுத் தகரத்துக்கு 0.25 அளவில்தான் இருக்கும். மிச்சமெல்லாம் பிரதிபலிப்பு. மேகமில்லாத இரவு வானம் மைனஸ் 40 டிகிரியும் அதற்குக் கீழுமாகத் தெரியும். அந்த வானத்தைத்தான் தகரம் கண்ணாடி போலக் காட்டுகிறது. ஆகவே முதலில் கூரைகளைப் பொருள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய உமிழ்திறனைக் கொடுங்கள். பெயின்ட் அடிக்காத உலோகக் கூரைகளுக்கு எண்ணே வேண்டாம். 'மதிப்பிட இயலவில்லை' என்று சாம்பல் நிறத்தில் விட்டுவிடுவதுதான் நேர்மை. சோலார் தகடு மூடிய இடத்துக்கும் அதே சாம்பல்தான். அங்கே தெரிவது தகடு, கூரை அல்ல.

அடுத்தது, பறக்கும் நேரம். மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று கிளம்பினால், பகலெல்லாம் செங்கல்லும் கான்கிரீட்டும் குடித்து வைத்த வெயிலைத்தான் படம் பிடித்து வருவீர்கள். அது வடிய இரவின் பெரும்பகுதி வேண்டும். உள்ளே சூடேற்றிய கட்டடங்களின் வெப்ப இழப்பைப் பார்க்க, சூரியன் உதிக்கும் முன் பறப்பதுதான் சரி. வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் குறைந்தது 10 டிகிரி வித்தியாசம் இருக்கட்டும், கூரை காய்ந்திருக்கட்டும், காற்று அடங்கியிருக்கட்டும். காற்று வீசினால் கூரையின் சூட்டை வழித்துக்கொண்டு போய்விடும். மோசமான கூரையும் நல்ல பிள்ளையாகத் தெரியும்.

இதில் ஒரு குழப்பம் உண்டு. தட்டைக் கூரைகளில் இன்சுலேஷனுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று தேடுபவர்கள் வேண்டுமென்றே சூரியன் மறைந்த சில மணி நேரத்துக்குள் பறப்பார்கள். ஈரமான இடம் பகல் சூட்டை அதிக நேரம் பிடித்து வைத்திருப்பதால் அது தனித்துத் தெரியும். அந்த வேலைக்கென்றே ஏ.எஸ்.டி.எம். என்ற தரநிர்ணய அமைப்பின் சி1153 என்ற தரநிலை இருக்கிறது. அவர்களுடைய நேர அட்டவணையை எடுத்து வெப்ப இழப்பு வரைபடத்துக்குப் பயன்படுத்தினால் வரைபடம் உருப்படாது.

சரி, நேரம் பார்த்தே பறந்தாயிற்று. நகரம் பெரிது, பறக்க மூன்று மணி நேரம் ஆகிறது. அதற்குள் காற்று இன்னும் குளிர்ந்துவிடும். முதல் வரிசையில் எடுத்த தெரு சூடாகவும் கடைசித் தெரு குளிர்ந்தும் தெரிவதற்கு அது போதும். பள்ளமான இடத்தில் குளிர்காற்று தேங்குவதும் இதே வேலையைச் செய்யும். கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் வீடுகளின் வெப்ப இழப்பை வரைபடமாக்கிய ஹீட் திட்டக் குழுவினர் இதற்குச் சாலைகளைப் பிடித்துக்கொண்டார்கள். சாலை நகரம் முழுக்க ஓடுகிறது, ஏறக்குறைய ஒரே பொருள், அதற்கு இன்சுலேஷனும் கிடையாது. அதன் வெப்பநிலை இடத்துக்கு இடம் மாறுவதைக் கணக்கிட்டு, கூரை எண்களைச் சரிசெய்தார்கள். எளிமையான யோசனை, எனக்கு மிகவும் பிடித்தது.

செயற்கைக்கோள் படம் இலவசம்தானே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். லேண்ட்சாட் 8, 9 ஆகிய அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் வெப்ப உணரி காண்பது 100 மீட்டர் அளவில்தான். தரவிறக்கும் கோப்பில் 30 மீட்டர் என்று இருப்பது மறுகணக்கிட்டுக் கொடுப்பது. எந்தப் பேட்டை சூடு என்று அது சொல்லும், எந்த வீடு என்று சொல்லாது. ட்ரோனில் ஒவ்வொரு பிக்சலும் 12 மைக்ரான் அகலமுள்ள உணரியும் 13.5 மி.மீ. லென்ஸும் இருந்தால், 100 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சல் தரையில் ஏறக்குறைய 9 செ.மீ. கூரையைப் பார்க்க அது தாராளம். ஆனால் நம்பகமான அளவுக்கு ஒரு பொருள் மூன்று பிக்சலாவது அகலம் இருக்க வேண்டும், ஆக மெல்லிய விரிசலின் வெப்பநிலையைப் படித்துச் சொல்ல முயலாதீர்கள்.

நிறங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மென்பொருளைத் தன் போக்கில் விட்டால், படத்துக்குப் படம் நிற அளவை மாற்றிக்கொள்ளும். ஒன்றில் சிவப்பு 4 டிகிரி, அடுத்ததில் 9 டிகிரி. முழு நகரத்துக்கும் ஒரே அளவை நிலைநிறுத்துங்கள்.

அப்புறம், எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் பொருள் தவறிப்போகும் இடம். கூரைக்கும் உள்கூரைக்கும் நடுவே காற்றோட்டமுள்ள பரண் இருந்தால், கசிந்த வெப்பத்தை அந்தக் காற்றே வெளியே கொண்டுபோய்விடும். மேலே ஓடு குளிர்ந்தே கிடக்கும். கீழே பணம் கரைந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரர் ஊரில் இல்லாமல் ஹீட்டரை அணைத்துப் போயிருந்தாலும் கூரை நீலம்தான். நேர் கீழ்நோக்கி எடுத்த படத்தில் சுவர், ஜன்னல், கதவிடுக்கு எதுவும் வராது. அடுக்குமாடிக் கட்டடத்தில் பரப்பளவின் பெரும்பகுதி சுவர்தான். அதனால் எரிசக்தி ரசீதையும் கட்டட வயதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் படியுங்கள். சந்தேகப்பட்ட கட்டடங்களுக்கு நேரில் போய், உள்ளிருந்து ஒரு முறை பாருங்கள்.

வீடு வாரியான வரைபடத்தை அப்படியே எல்லோருக்கும் திறந்து வைப்பதற்கு முன் சட்டத்தையும் விசாரியுங்கள். தெருவில் நின்று ஒருவர் வீட்டை வெப்பக் கேமராவில் பார்ப்பதே சோதனையிடுவதற்குச் சமம், காவல்துறைக்கு அதற்கு வாரண்ட் வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001-இல் கைலோ வழக்கில் தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில்தான்.