வெரிகோசீல் ஆபரேஷன்: ஸ்கேன் தாளை நம்பி ஓடாதீர்கள்

கல்யாணமாகி இரண்டு வருஷம் குழந்தை இல்லையென்றால், வண்ணாரப்பேட்டையானாலும் வியாசர்பாடியானாலும் முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பப்படுவது பெண்தான். அவளுக்கு எல்லா டெஸ்ட்டும் முடிந்த பிறகுதான் கணவரின் முறை வருகிறது. அதில் 'வெரிகோசீல்' என்று வந்துவிட்டால் வீடே தலைகீழாகிறது: நாளைக்கே ஆபரேஷன்! அந்தத் தாமதமும் தவறு, இந்த அவசரமும் தவறு.

விரையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் ரத்தக்குழாய்கள் வீங்கி முறுக்கிக்கொள்வதுதான் வெரிகோசீல். பெரும்பாலும் இடது பக்கம்தான் வரும். ரத்தம் தேங்கினால் விரையில் சூடு கூடி, விந்தணு உற்பத்தி கெடலாம். ஆனால் ஆண்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு இது இருக்கிறது. அவர்களில் பலர் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் அப்பா ஆகிவிடுகிறார்கள்.

அதனால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் மட்டும் தெரிகிற சின்ன வீக்கத்துக்குக் கத்தி வைக்க வேண்டியதில்லை. டாக்டர் உங்களை நிற்க வைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி, கையால் தொட்டுப் பார்த்தாரா? அதில் வீக்கம் தட்டுப்பட வேண்டும், விந்து டெஸ்ட்டிலும் குறை இருக்க வேண்டும். குழந்தைக்காக ஆபரேஷன் என்றால் இந்த இரண்டும் சேர்ந்திருப்பது அவசியம். தொட்டே பார்க்காமல் தேதி குறிப்பவரிடம் நானாக இருந்தால் போக மாட்டேன்.

விந்து டெஸ்ட்டிலும் கோட்டை விடுகிறார்கள். சாம்பிள் கொடுக்குமுன் விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போய் வாரக்கணக்கில் கடலில் இருந்தவர், கரை இறங்கியதும் நேராக லேபுக்குப் போனால், எண்ணிக்கை நன்றாக இருந்தாலும் அணுக்களின் ஓட்டம் மந்தமாகத் தெரியலாம். முதலில் வருகிற பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் கூச்சப்படாமல் லேபில் சொல்லிவிடுங்கள். வீட்டில் எடுத்தால் டப்பாவை உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். மிண்ட் பக்கம் டிராஃபிக்கில் மாட்டினால் அது நடக்காது, லேபிலேயே கொடுப்பது உத்தமம். ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள், சில வாரம் விட்டு இன்னொன்று எடுங்கள்.

ஆபரேஷன்தான் என்று முடிவானால், எந்த முறை என்று கேளுங்கள். அடிவயிற்றுக்குக் கீழே சின்னதாகக் கீறி, மைக்ராஸ்கோப் வைத்துச் செய்யும் முறையில் வீக்கம் திரும்ப வருவதும், விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வதும் குறைவு. ஸ்டான்லி போன்ற அரசு ஆஸ்பத்திரியின் சிறுநீரகவியல் பிரிவில் விசாரித்துவிட்டு அப்புறம் தனியாரிடம் போகலாமே. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், ஐஸ் பெட்டி ஏற்றுபவர் எல்லாம் எத்தனை வாரம் பாரம் தூக்கக்கூடாது என்று முதலிலேயே கேட்டு, அந்தக் கூலி இழப்பையும் கணக்கில் வையுங்கள்.

தையல் பிரித்த மறு வாரமே டெஸ்ட் எடுத்துவிட்டு 'வேஸ்ட்' என்று உட்கார்ந்துவிடுவது இன்னொரு கூத்து. ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் போல ஆகும். மூன்று மாதம் கழித்துத்தான் முதல் டெஸ்ட், முழுப் பலன் தெரிய ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். பலருக்கு ரிப்போர்ட் தேறுகிறது, ஆனால் தேறிய எல்லோருக்கும் குழந்தை தங்கிவிடுவதில்லை. மனைவிக்கு 35 தாண்டிவிட்டது, அல்லது கருக்குழாயில் அடைப்பு என்றால், இந்தக் காத்திருப்பு கட்டுப்படியாகுமா, நேராக ஐவிஎஃப் (சோதனைக்குழாய் குழந்தை முறை) போவதா என்று இருவரும் சேர்ந்து டாக்டரிடம் கேட்பதுதான் சரி.

இதற்கு நடுவே 'ஆண்மைக்கு' என்று ஜிம்மில் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி வேண்டவே வேண்டாம். அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். ஏற்கெனவே போட்டிருந்தால் ஆபரேஷன் பேச்சுக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வீக்கம் வலது பக்கம் மட்டும் இருந்தாலோ, திடீரென்று வந்து படுத்தாலும் வடியாமல் இருந்தாலோ குழந்தை விஷயம் அப்புறம். முதலில் வயிற்று ஸ்கேன் எடுத்துச் சிறுநீரகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.